இருவருக்கும் ஒரே நாளில் ஆஃப் கிடைத்தால்

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் லீவு கிடைக்கும் தம்பதிகள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகலாம். ஒருவர் நைட் டூட்டி முடித்து வீட்டுக்குள் நுழையும்போது மற்றவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கும் வீடுகளுக்காக எழுதியது இது. ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, ஓட்டல், மில், பஸ் டிப்போ என்று எங்கே வேலை பார்த்தாலும் வாரத்தில் ஒரு நாள் ஆஃப் உண்டு. அது இருவருக்கும் ஒரே நாளில் விழுவதுதான் அபூர்வம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளை 24 மணி நேரமும் திறந்துவைக்கலாம் என்று 2019இல் தமிழக அரசு அனுமதி கொடுத்தபோது, ஒவ்வொரு ஊழியருக்கும் வாரம் ஒரு நாள் சுழற்சி முறையில் விடுமுறை தரவேண்டும் என்பதையும் நிபந்தனையாகச் சேர்த்தது. உங்களுக்கு ஒரு நாள் உண்டு, சரி. உங்கள் வீட்டுக்காரருக்கும் அதே நாளைக் கொடு என்று எந்த அரசாணையும் சொல்லாது. அதை நீங்கள்தான் பேசி, கெஞ்சி, மாற்றி வாங்கவேண்டும்.

அப்படி வாங்கிய நாளில் இருவருக்கும் பிடித்த மாயாஜாலக் கதைத்தொடர் ஒன்றைச் சேர்ந்து பார்ப்பது எப்படி என்பதுதான் இங்கே பாடம். உதாரணத்துக்கு 'தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' படங்களை எடுத்துக்கொள்கிறேன். மூன்றே படங்கள் என்பதால் திட்டம் போட வசதி. 'ஹாரி பாட்டர்' என்றால் எட்டுப் படங்கள், மொத்தம் பத்தொன்பதரை மணி நேரத்துக்கும் மேல். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 73 எபிசோடு. அதை முடிக்க ஆஃப் போதாது, வி.ஆர்.எஸ். வாங்கவேண்டும்.

இந்த அத்தியாயத்தில் ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: அன்றைக்கு ஒரு படம் மட்டும்.

ஏன் ஒன்று மட்டும்

கணக்கு போட்டுப் பாருங்கள். தியேட்டரில் ஓடிய வடிவத்தில் முதல் படம் 178 நிமிடம், இரண்டாவது 179, மூன்றாவது 201. கூட்டினால் 9 மணி 18 நிமிடம். பிறகு டிஸ்க்கில் வந்த நீட்டித்த வடிவத்தை எடுத்தால் பதினோரு மணி நேரத்தைத் தாண்டும். சாப்பாடு, குளியல், வாசலில் வந்து நிற்கும் கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் சேர்த்தால் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தவர்கள் நள்ளிரவில்தான் எழுந்திருக்க முடியும். மறுநாள் காலை டூட்டி. ஒரே மூச்சில் மூன்றையும் பார்த்தோம் என்று பெருமை பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். இரண்டாவது படத்தின் பின்பாதியில் என்ன நடந்தது என்று அவர்களிடம் கேட்டுப்பாருங்கள், தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கதை தொடக்கத்திலிருந்தே இடைவெளி விட்டு வந்த கதை. ஜே.ஆர்.ஆர். டோல்கீன் எழுதியது ஒரே நாவல். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் காகிதம் விற்ற விலையில் அத்தனை பெரிய புத்தகத்தை ஒன்றாகப் போட பதிப்பாளர் தயங்கி மூன்றாகப் பிரித்தார். முதல் பாகம் 1954 ஜூலையில் வந்தது, இரண்டாவது அதே ஆண்டு நவம்பரில். மூன்றாவது 1955 அக்டோபர்வரை வரவில்லை. இரண்டாம் பாகம் எந்த இடத்தில் நிற்கிறது என்று இங்கே சொல்லமாட்டேன். அந்த இடத்தில் நின்றபடி பதினோரு மாதம் காத்திருந்தார்கள் முதல் வாசகர்கள்.

படங்களுக்கும் அதே கதைதான். பீட்டர் ஜாக்சன் 1999 அக்டோபர் முதல் 2000 டிசம்பர்வரை நியூசிலாந்தில் மூன்று படங்களையும் சேர்த்தே எடுத்தார். வெளியிட்டது 2001, 2002, 2003 டிசம்பர்களில், வருடத்துக்கு ஒன்றாக. அடுத்த ஆஃப் இரண்டு மாதம் கழித்துத்தான் என்றால் கவலைப்படாதீர்கள். நடுவில் பேசுவதற்கு இருவருக்கும் ஒரு விஷயம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரையொருவர் வாசலில் மட்டும் சந்தித்துக்கொள்ளும் வீட்டில், கரண்ட் பில்லைத் தவிர வேறு ஏதாவது பேசக் கிடைப்பது லேசான காரியமில்லை.

நாளைப் பிடிப்பது

டூட்டி சார்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பிறகு போய்க் கேட்டால் நடக்காது. இன்சார்ஜ் அதை எழுதுவதற்கு முன்பே போகவேண்டும். இருவரில் யாருடைய வேலையில் சார்ட் மாற்றுவது கடினமோ அவருடைய ஆஃபை முதலில் உறுதி செய்துகொண்டு, மற்றவர் அதற்கேற்ப மாற்றிக்கொள்வதுதான் சரி. இதில் மானம் பார்க்கக்கூடாது. பெரும்பாலும் ஆஸ்பத்திரியைவிடக் கடையில் மாற்றுவது சுலபம். ஆடி, தீபாவளி மாதங்களில் அதுவும் தலைகீழ்.

சக ஊழியரிடம் டூட்டி மாற்றிக் கேட்கும்போது கையில் ஏதாவது வைத்துக்கொண்டு கேளுங்கள். அவருக்குத் தேவையான ஒரு ஞாயிறையோ, ஊர்த் திருவிழா நாளையோ நீங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னால் காரியம் நடக்கும். தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு இன்னொரு வழி உண்டு. வார விடுமுறையில் வேலைக்கு வரச் சொன்னால், அதே மாதத்திலோ அடுத்த இரண்டு மாதங்களுக்குள்ளோ ஈடாக விடுமுறை கொடுக்கவேண்டும் என்கிறது தொழிலாளர் சட்டம். பலர் இந்த காம்ப் ஆஃபைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். எழுதிவைத்துக் கேளுங்கள். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி எடுக்கும் லீவு மட்டும் வேண்டாம். நாள் முழுக்க ஃபோன் அடிக்கும்போதெல்லாம் வயிற்றில் புளி கரைக்கும். கதையில் மனம் ஒட்டாது.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் வாரநாள்தான் நல்லது. இந்தப் படங்களில் வரும் ஓர்க் என்னும் அரக்கர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு ஐந்து வயதுக் குழந்தை ராத்திரி தூங்காது. மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரத்தை நிறுத்தும் ஊர்களின் பட்டியல் முன்கூட்டியே பேப்பரில் வரும். உங்கள் ஏரியா அதில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

முதலில் தூக்கம்

நைட் டூட்டி முடித்து வருகிறவர் குளித்துவிட்டு நேராக டிவி முன்னால் உட்காரக்கூடாது. இதைத்தான் பலரும் செய்கிறார்கள். கிடைத்த நாளை வீணாக்கக்கூடாது என்ற பதைப்பு. எட்டரைக்குப் படம் போட்டால் ஒன்பதேகாலுக்கு ஒரு தலை சாய்ந்துவிடும். எட்டரை முதல் ஒன்றரைவரை அவர் தூங்கட்டும். விழித்திருப்பவர் அந்த நேரத்தில் வீட்டு வேலையை முடிக்கலாம். சத்தமில்லாத வேலையாகப் பார்த்து, துணி மடிப்பது, ரேஷன் கடைக்குப் போவது, காய் நறுக்குவது. மிக்சி போடவேண்டாம்.

ஒருவர் தூங்கிவிட்டால் படம் நிற்கவேண்டும். இது கண்டிப்பான விதி. "நீ தூங்கிட்ட, நான் பார்த்துட்டேன், அப்புறம் சொல்றேன்" என்பது பெரிய துரோகம் இல்லைதான். ஆனால் அந்த வாரம் முழுக்க அது பேச்சில் வந்துகொண்டே இருக்கும்.

ஆஃப் நாளில் செய்வதற்கென்று சேர்ந்து கிடக்கும் வேலைகள் ஒரு நாளை விழுங்கிவிடும். ஃபேன் துடைப்பது, கிரைண்டரில் மாவு ஆட்டுவது, வங்கிக்குப் போவது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அன்றைக்கு மட்டும் மாவைக் கடையில் வாங்குங்கள்.

இரண்டரை மணி ஆட்டம்

மாமனார் மாமியாரோடு இருக்கும் வீட்டில் டிவி ஹாலில் இருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் அது அவர்களுடையது, சீரியல் தொடங்கிவிடும். அதை மாற்ற முயலாதீர்கள். மத்தியானம் இரண்டரைக்குத் தொடங்கினால், நடுவில் கால்மணி நேர இடைவேளை விட்டாலும், 178 நிமிடப் படம் ஐந்தேமுக்காலுக்கு முடிந்துவிடும். முதல்முறை பார்க்கிறவர்களுக்குத் தியேட்டர் வடிவமே போதும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நீட்டித்த வடிவம் ஏற்கெனவே ரசிகர்களானவர்களுக்கு. முதல் படத்தின் நீட்டித்த டிஸ்க் 228 நிமிடம் என்று பயப்படவேண்டாம். கடைசி இருபது நிமிடம்போல ரசிகர் மன்ற உறுப்பினர்களின் பெயர்கள்தான் ஓடும். கட் அவுட்டும் பாலாபிஷேகமும் இல்லாவிட்டாலும் ரசிகர் மன்றம் அங்கேயும் உண்டு!

இடைவேளையை எங்கே விடுவது? ஆங்கிலப் படங்களை இடைவேளையை நினைத்து எடுப்பதில்லை. நம் தியேட்டர்களில் கைக்கு வந்த இடத்தில் வெட்டுவார்கள். வீட்டில் நீங்கள்தான் ஆபரேட்டர். ரிவென்டெல் என்னும் இடத்தில் ஒரு பெரிய சபை கூடும். மோதிரத்தோடு யார் யார் போவது என்று அங்கே முடிவாகி ஒன்பது பேர் சேர்ந்து நிற்பார்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கும். நீட்டித்த வடிவத்தின் முதல் டிஸ்க்கையும் அங்கேதான் முடித்திருக்கிறார்கள். டீ போடச் சரியான இடம். அதற்கு முன்னால் எழுந்திருக்கவேண்டாம். குறிப்பாகப் படத்தின் முதல் ஏழெட்டு நிமிடம் அடுப்படியில் யாரும் இருக்கக்கூடாது. மோதிரம் எங்கிருந்து வந்தது, யார் யார் கை மாறியது என்ற மொத்த முன்கதையையும் கேட் பிளான்செட்டின் குரலில் அங்கேதான் சொல்லி முடிக்கிறார்கள். அதைத் தவறவிட்டவர் மூன்று படங்களுக்கும் சேர்த்துக் கேள்வி கேட்பார்.

டிவியைச் சரிசெய்வது

முதல் நாள் ராத்திரியே செய்துவிடுங்கள். அமைப்புக்குள் போய், காட்சிகளை வழவழப்பாக்கும் வசதியை அணைக்கவேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அதற்குப் பெயர் வேறு; பெரும்பாலும் பெயரில் 'மோஷன்' என்ற சொல் இருக்கும். சினிமா வினாடிக்கு 24 சட்டகங்களாக எடுக்கப்படுவது. டிவி நடுவில் தானாகச் சட்டகங்களை உருவாக்கிச் சேர்க்கும்போது கோடிக்கணக்கில் செலவழித்த படம் மெகா சீரியல்போல ஆகிவிடுகிறது. பட அமைப்பில் 'சினிமா' அல்லது 'மூவி' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் ஐந்து நிமிடம் மஞ்சளாகத் தெரியும், பிறகு கண் பழகிவிடும்.

மாயாஜாலத் தொடர்களை எடுப்பவர்களுக்கு இருட்டின்மேல் தீராத காதல். முதல் படத்தில் மோரியாச் சுரங்கம், இரண்டாவதில் ஹெல்ம்ஸ் டீப் கோட்டையில் மழை பெய்யும் இரவில் நடக்கும் போர். 2019 ஏப்ரலில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் 'தி லாங் நைட்' எபிசோடு வந்தபோது ஒன்றுமே தெரியவில்லை என்று உலகம் முழுவதும் புகார் எழுந்தது. டிவியைச் சரியாக அமைக்கத் தெரியாதது பார்வையாளர்களின் தவறு என்றார் அதன் ஒளிப்பதிவாளர். ரசிகர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. இருந்தாலும் ஜன்னலுக்கு ஒரு பழைய போர்வையைக் கட்டிவிடுவதில் நஷ்டமில்லை. மத்தியான வெயிலில் மோரியா வெறும் கறுப்புத் திரைதான்.

வசனம் காதில் விழாது, சண்டை வந்தால் தெருவே கேட்கும். ஒலி அமைப்பில் 'நைட் மோட்' இருந்தால் போடுங்கள், ஏற்ற இறக்கம் குறையும். ஃபேன் சத்தத்தில் உச்சரிப்பு பிடிபடாது என்பதால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் சப்டைட்டில் போட்டுக்கொள்வது உத்தமம். எல்ஃப்கள் தங்கள் மொழியில் பேசும் இடங்களில் அதுதான் துணை. தமிழில் கேட்டுத்தான் ரசிக்கமுடியும் என்றால், இதே உலகத்தின் முந்தைய காலத்தைச் சொல்லும் 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' தொடர் பிரைம் வீடியோவில் தமிழ் டப்பிங்கோடு இருக்கிறது. 2022இல் வந்த முதல் சீசன் எட்டு எபிசோடு. ஒரு ஆஃபுக்கு மூன்று பார்க்கலாம்.

ஃபோன் டேட்டாவை நம்பி இருப்பவர்கள், ஹெச்.டி. தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி.வரை போகும் என்பதைக் கணக்கில் வைக்கவேண்டும். தினம் 2 ஜி.பி. பிளானில் ரிவென்டெல்லுக்குக்கூடப் போய்ச்சேரமுடியாது. வைஃபை உள்ள இடத்தில் முன்பே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்.

பார்த்தவரும் பார்க்காதவரும்

சண்டை வருவது இங்கேதான். தம்பதிகளில் ஒருவர் பலமுறை பார்த்தவராகவும் மற்றவர் முதல்முறை பார்ப்பவராகவும் இருப்பது சகஜம். கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்த பேச்சு இது. மனைவி ஸ்டாஃப் நர்ஸ், ஹாஸ்டல் காலத்திலிருந்தே இந்தப் படங்கள் அவருக்கு மனப்பாடம். கணவர் ஜவுளிக்கடை சூப்பர்வைசர்.

"ஏம்மா, அந்தத் தாடிக்காரத் தாத்தாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"பேசாமப் பாருங்க."

"ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்லு."

"நான் ஒண்ணும் சொல்லல."

"அப்ப ஏதோ ஆகுது."

மௌனமும் ஒரு பதில்தான். அதனால் பார்த்தவர் எந்தக் கேள்விக்கும் ஒரே பதிலை, ஒரே குரலில் சொல்லப் பழகவேண்டும். "பார்ப்போம்" என்பது நல்ல பதில். யார் சாவார் என்று கேட்டாலும் பார்ப்போம், டீ வேண்டுமா என்று கேட்டாலும் பார்ப்போம். முக்கியமான காட்சி வருவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தையும் விடவேண்டும். அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சொல்லாமல் இருப்பதைப்போலவே முன்கூட்டிச் சொல்லவேண்டியதும் கொஞ்சம் உண்டு. படம் போடும் முன் ஐந்து நிமிடம் போதும். சௌரான் வேறு, சாருமான் வேறு. முன்னவன் மோதிரத்தைச் செய்தவன், பின்னவர் வெள்ளை அங்கி போட்ட மந்திரவாதி. பெயர் இரண்டும் ஒலியில் நெருங்கியிருப்பதால் புதிதாய்ப் பார்ப்பவர்கள் பாதிப் படம்வரை குழம்புகிறார்கள். விடுதியில் ஸ்ட்ரைடர் என்று அறிமுகமாகிறவரும் அரகார்னும் ஒரே ஆள். கதாநாயகன் ஃப்ரோடோவோடு வரும் மூன்று குட்டையர்களில் சாம் தோட்டக்காரன். மற்ற இருவரும் அவர்களுடைய கூட்டாளிகள். இதற்கு மேல் சொல்லாதீர்கள். வம்சாவளி, நிலப்படம், எல்ஃப்களின் யுகங்கள் எல்லாம் கேட்டால் மட்டும், அதுவும் சாப்பிடும்போது.

இருவருமே பலமுறை பார்த்திருந்தால் படத்தை விட்டுவிடுங்கள் என்பேன். 'தி ஹாபிட்' நாவலை எடுத்து ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் கேட்கலாம். 1937இல் வந்தது, 19 அத்தியாயம். டோல்கீன் தன் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை என்பதால் வாய்விட்டு வாசிக்க வாகாக இருக்கும். வாசிக்க அலுப்பாக இருந்தால் ஒலிநூல் இருக்கிறது. படத்தில் கோல்லமாக நடித்த ஆண்டி செர்கிஸே வாசித்தது.

ஒருவருக்கு இந்த வகையறாவே பிடிக்காது என்றால் வற்புறுத்தாதீர்கள். முதல் ஒரு மணி நேரத்தைப் பார்க்கட்டும், பிடிக்காவிட்டால் நிறுத்திவிட்டு வெளியே போய்க் காபி குடியுங்கள். மீதியைத் தனியாகப் பார்க்க உங்களுக்குத் தனி ஆஃப்கள் நிறைய இருக்கின்றன.

சாப்பாடும் ஃபோனும்

எல்ஃப்கள் வழிப்பயணத்துக்குக் கொடுத்தனுப்பும் லெம்பாஸ் ரொட்டி நம் கட்டுச்சோறு மாதிரி. கெடாது, கொஞ்சம் சாப்பிட்டால் வெகுநேரம் தாங்கும். அன்றைய சமையலையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ராத்திரியே கிளறிய புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம், மோர்மிளகாய். ரசமும் மீன் குழம்பும் வேண்டாம், தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடவேண்டியிருக்கும். இரண்டு மணிக்குள் சாப்பிட்டு முடித்து, தட்டுக் கழுவிவிட்டு உட்காருங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டால் படத்தில் வரும் ஷயர் வட்டாரத்தின் பச்சைப் புல்வெளியே தாலாட்டிவிடும்.

ஃபோனை இருவரும் அலமாரியில் வைத்துவிடலாம். ஆன்கால் இருப்பவருக்கு மட்டும் விலக்கு. உங்கள் அம்மாவும் அவர் அம்மாவும் மத்தியானம் கூப்பிடுவார்கள், எடுக்காவிட்டால் பயப்படுவார்கள். அதனால் காலையிலேயே நீங்கள் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். இருவரும் வீட்டில் இருக்கிறார்கள் என்று தெரிந்து வர நினைக்கும் சொந்தக்காரர்களிடம் பொய் சொல்லவேண்டாம். ஆறு மணிக்கு மேல் வாருங்கள், டிபன் சாப்பிட்டுப் போகலாம் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

இரண்டாவது, மூன்றாவது ஆஃப்

இரண்டாம் படம் முதல் படத்தின் கதையைச் சுருக்கிச் சொல்லாமல் தொடங்கும். அதனால் முதல் படத்தின் கடைசி இருபது நிமிடத்தை முந்தைய நாள் ராத்திரி போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. மற்றபடி இதுவரை சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

மூன்றாம் படத்துக்கு மட்டும் இரண்டரை மணி ஆட்டம் ஒத்துவராது. 201 நிமிடம் என்பதால் இரண்டு மணிக்கே தொடங்கவேண்டும். 11 ஆஸ்கர் வாங்கிய படம் என்றாலும் அதைப் பற்றிப் பரவலாக ஒரு குறை உண்டு: முடிவு போலத் தோன்றும் காட்சிகள் கடைசியில் அடுத்தடுத்து வருகின்றன, திரை இருண்டு இருண்டு மறுபடி வெளிச்சமாகிறது. என்னைக் கேட்டால் அது குறையே இல்லை. ஒன்பது மணி நேரம் கூடவே வந்தவர்களுக்கு அவ்வளவு விடைபெறல் வேண்டும். ஆகவே திரை இருண்டதும் ரிமோட்டை எடுக்காதீர்கள். சாம் தன் வீட்டு வாசலுக்கு வந்துசேரும்வரை படம் முடியவில்லை.